கைப்பக்குவம் இருந்தால் சொந்தத் தொழில் நடத்திவிடலாமா?

ஓமலூர் வாசகர் கேள்வி, 6 ஜூலை 2025

ஓசூரில் கம்பெனி வேலை. அதை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, அம்மா கைப்பக்குவத்தில் முறுக்கு, தட்டை, எள்ளடை போட்டு விற்கலாம் என்று எண்ணம். சாப்பிட்டவர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் தலைமைப் பண்பு, ரிஸ்க் எடுக்கும் துணிச்சல், தொலைநோக்கு, நேர்மறை எண்ணம் என்று பட்டியல் போடுகிறார்கள். எனக்கு அதில் எதுவும் பெரிதாக இல்லை. ருசி மட்டும்தான் இருக்கிறது. சேலத்தில் இந்த வியாபாரம் செய்பவர்கள் யாராவது, நிஜமாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

அம்மாபேட்டையில் தட்டை, முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ருசியை மட்டும் நம்பி வராதீர்கள் தம்பி. ஆட்டையாம்பட்டிக்கு ஒரு நாள் போய், கைமுறுக்கு சுற்றும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரல் மாவைத் திரித்துக்கொண்டே வட்டம் போடும், வாய் ஊர்க்கதை பேசும், கண் வேறெங்கோ இருக்கும், முறுக்கு பிசகாது. அந்தக் கை உங்கள் அம்மாவுக்கும் வராது, எனக்கும் வராது. அவர்களில் பலர் கூலிக்குத்தான் சுற்றுகிறார்கள்.

தொலைநோக்கு இருக்கட்டும். கொடுத்த சரக்குக்குக் காசு வாங்கத் தெரியுமா?

7 ஜூலை

"வசூல் என்ன பெரிய வித்தையா அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தைதான்.

காலையில் போய்ப் பாக்கி கேட்கக் கூடாது. போணி ஆகியிருக்காது. வியாபாரம் தொடங்கும் முன்பே கல்லாவிலிருந்து காசு வெளியே போவதை எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகும் கூடாது. மத்தியானம் போனால் பையன்தான் இருப்பான், "முதலாளி சாப்பிடப் போயிருக்கார்" என்பான். பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் ஒரு நேரம் உண்டு. காலை வியாபாரம் ஓய்ந்து, நோட்டுகளை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருப்பார். அப்போது போய் நிற்க வேண்டும்.

சும்மாவும் நிற்கக் கூடாது. முதலில் அலமாரியில் பின்னால் தள்ளியிருக்கும் என் பாக்கெட்டுகளை முன்னால் இழுத்து அடுக்குவேன். தேதி நெருங்கியதைத் தனியே எடுப்பேன், உடைந்ததை எண்ணுவேன். அதற்கு நடுவில் நோட்டைத் திறந்து, பேனாவைப் பக்கத்தில் வைத்து, அவர் படிக்கிற மாதிரித் திருப்பிக் கல்லா மேல் வைத்துவிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாதி நாள் அவரே பார்த்துவிட்டு, "ரெண்டாயிரம் இப்ப வாங்கிக்கங்க" என்பார். மீதி நாள் பேச வேண்டியிருக்கும்.

பெண் என்பதால் எனக்கு இன்னொரு சிக்கல். "அண்ணன் வரட்டும், கொடுத்துவிடுகிறேன்" என்பது ஆரம்பத்தில் எல்லாக் கடையிலும் கேட்ட பதில். அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். அவர் போனால், "அக்காகிட்ட கணக்குப் பார்த்துக்கறேன்" என்பார்கள். பாக்கி நடுவில் ஊஞ்சலாடும். கடைசியில் அவரை டெலிவரியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். நோட்டு என்னிடம் மட்டும். இது தெரிந்ததும் அண்ணன் பேச்சு நின்றது.

புதுக் கடை என்றால் இப்போது பில்லுக்குப் பில்தான். போன வாரப் பில் வந்தால் இந்த வாரச் சரக்கு இறங்கும்.

9 ஜூலை

ஓமலூர் தம்பி தனியாக ஒரு கணக்கு அனுப்பியிருந்தார். கிலோ தட்டைக்கு 110 ரூபாய் ஆகிறதாம், 180க்குக் கொடுத்தால் 70 நிற்கும் என்கிறார். அவர் அனுமதியோடு இங்கே பிரிக்கிறேன். புதிதாக வருகிற பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

110 சரிதான். அரிசி மாவு, உளுந்து, பொட்டுக்கடலை, ஊறவைத்த கடலைப்பருப்பு, வெண்ணெய், மிளகாய், பூண்டு எல்லாம் சேர்ந்து 75. தட்டை குடிக்கும் எண்ணெய் 35. வீட்டுக்குப் பண்டம் போடும்போது கணக்கு இதோடு முடிந்துவிடும். விற்பதற்குப் போட்டால் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. என் அடுப்படியில் கிலோவுக்கு விழுவதைச் சொல்கிறேன்: கேஸ் 12, தட்டுகிறவர், பொரிக்கிறவர், பாக்கெட் போடுகிறவர் கூலி 38, கவரும் லேபிளும் 9, உடைசல் 8, வாடகையும் கரண்டும் 10, வண்டி பெட்ரோல் 6, ரிட்டர்ன் வந்து வீணாவது 5, சட்டியில் மிஞ்சிக் கருத்துப்போய் ஒதுக்கும் எண்ணெய் 4. கூட்டினால் 92.

ஆக 202. தம்பி 180க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 22 ரூபாயைக் கடைக்காரருக்குத் தானம் செய்கிறார். அம்மாவின் கூலியும் தம்பியின் கூலியும் இதில் இல்லை.

நான் 225க்குக் கொடுக்கிறேன். 23 நிற்கிறது, அதில்தான் வரியும் போக வேண்டும். "பத்து ரூபாய் குறைத்துக்கோங்கக்கா, நூறு கிலோ எடுக்கறேன்" என்று ஒரு மொத்தக் கடைக்காரர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். 23 என்பது 13 ஆகிவிடும். பழைய லாபத்தையே பார்க்க, விற்றதைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாக விற்க வேண்டும். அதற்கு ஆள், அடுப்பு, சட்டி எல்லாம் கூடும். பத்து ரூபாய் என்பது அவர் வாயில் சின்னத் தொகை.

10 ஜூலை

"கருத்த எண்ணெயை ஏன் ஒதுக்க வேண்டும், புது எண்ணெய் கலந்து ஓட்டலாமே" என்று கேட்டவருக்கு: ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் கழிவுகள், 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. பழைய எண்ணெயை பயோடீசலுக்கு என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு, அவர்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விதியை விடுங்கள், மூன்றாம் நாள் பாக்கெட்டைப் பிரித்தால் வருகிற காறல் வாடை போதும், அந்தக் கடை போச்சு.

எண்ணெய் பற்றிப் பேச்சு வந்ததால்: 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் இறக்குமதி வரியை மொத்தமாக 5.5லிருந்து 27.5 சதவீதமாக்கினார்கள். 2025 மே கடைசியில்தான் 16.5க்கு இறக்கினார்கள். தீபாவளிக்கு முன்னால் ஏறிய அந்த விலையை நான் பாக்கெட் விலையில் ஏற்ற முடியவில்லை. அச்சடித்த கவரில் எம்.ஆர்.பி. இருந்தது. அதற்குப் பிறகு விலையைக் கவரில் அச்சடிப்பதில்லை, தேதியோடு சேர்த்து முத்திரை குத்துகிறோம். பேப்பரில் இறக்குமதி வரிச் செய்தி படிப்பதும் தட்டை வியாபாரத்தில் சேர்ந்ததுதான், சிரிக்காதீர்கள்.

20 ஜூலை

கர்நாடகாவில் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போயிருக்கிறது என்றதும், இங்கே சேலம் நாலு ரோடு பக்கமே ஒரு கடையில் ஸ்கேன் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். இந்தக் கேள்வி-பதில் இழையிலும் அதே கேள்வி.

பயந்து அட்டையைக் கழற்றுவதில் அர்த்தம் இல்லை. பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும். விற்றுமுதல் என்பது லாபம் இல்லை, விற்ற மொத்தத் தொகை. ரொக்கமாக வந்தாலும் அது கணக்குதான். சொந்தக்காரர் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், கல்யாண மொய் எல்லாம் கடை எண்ணுக்கே வந்தால் பின்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. இதற்கு ஆடிட்டர் வேண்டாம், மனசு இருந்தால் போதும். இன்னொன்று, வருமான வரியில், முழுக் கணக்குப் புத்தகம் காட்டாமல் விற்பனையில் ஒரு பங்கையே லாபமாக எடுத்துக்கொள்ளும் 44ஏடி முறையில் போகிறவருக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், வங்கி வழியாக வந்தால் 6 சதவீதம்தான். யுபிஐ உங்களுக்குச் சாதகமும்கூட.

1 ஆகஸ்ட்

ஆடி. கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் ஊர் முழுக்கக் கூட்டம், பண்டமும் நன்றாகப் போகும். ஆனால் தட்டுவதற்கு ஆள் இருக்காது. வேலைக்கு வரும் பெண்கள் எல்லோருக்கும் அவரவர் தெரு மாரியம்மன், கூழ், பொங்கல். போன வருடம் "திருவிழா முடிந்து லீவு எடுங்கள்" என்று ஒரு முதலாளி சொல்லிப் பார்த்தார், பெயர் வேண்டாம், அவர் அடுப்பு ஒரு வாரம் பற்றவில்லை.

நான் ஆனி கடைசியிலேயே உட்கார்ந்து, யாருக்கு எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டுக் காலண்டரில் எழுதிவிடுவேன். எள்ளடையும் முறுக்கும் நாள் தாங்கும், முன்னாலேயே போட்டு டின்னில் அடைத்துவிடலாம். யூடியூபில் சொல்லும் தலைமைப் பண்பு இதுதானோ என்னவோ. எனக்குத் தெரிந்தவரை அது ஒரு காலண்டர்.

முன்பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆடியிலும் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு வாரக் கூலிக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் கழிக்க முடியாமல், கொடுத்தவளைப் பார்க்க வெட்கப்பட்டே வேலைக்கு வராமல் நின்றுவிடுவார்கள். பணமும் போகும், நல்ல கையும் போகும்.

3 ஆகஸ்ட்

தட்டுவடை செட்டுக்கு எந்தத் தட்டை நல்லது என்று ஒருவர் கேட்டுவிட்டார், நேற்றிலிருந்து இழை திசை மாறிக் கிடக்கிறது. சரி, சொல்கிறேன். செட்டுக்குப் போகிற தட்டை சின்னதாக, மெல்லியதாக, உப்பு குறைவாக இருக்க வேண்டும். இரண்டு தட்டைக்கும் நடுவில் வருகிற பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் சேர்ந்தபின் உப்பு தானாக ஏறும். பாக்கெட் தட்டையை வைத்து செட் போட்டால் வாய் கொள்ளாது. வண்டிக்கடைக்காரர்களுக்கு நான் தனி ஈடு போடுகிறேன். அவர்கள் சாயங்காலம் வாங்கி, ராத்திரி கடை கட்டும்போது காசு கொடுத்துவிடுவார்கள். என் நோட்டில் ஒரு வண்டிக்கடைப் பாக்கிகூட இல்லை. ஏசி போட்ட கடைகள்தான் இழுக்கின்றன.

பருப்புச் சட்டினி எப்படி அரைப்பது என்று அடுத்து கேட்காதீர்கள்.

24 ஆகஸ்ட்

"மானியத்தோடு கடன் கிடைக்கிறதாமே, அதை வாங்கி ஆரம்பித்தால் என்ன?" நல்ல கேள்வி, அரைகுறைத் தகவலோடு சுற்றுகிறது.

உணவுப் பண்டம் செய்யும் சின்னத் தொழில்களுக்கு என்றே மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டம் 2020இல் வந்தது. இயந்திரம், கட்டட வேலை செலவில் 35 சதவீதம், உச்சபட்சம் 10 லட்சம் வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில், புதுத் தொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி உண்டு, அதே மாதிரி மாநில அரசின் யுஒய்இஜிபி, நீட்ஸ் உண்டு. முத்ராவில் மானியமே கிடையாது, அது அடமானம் கேட்காத கடன், அவ்வளவுதான். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். பிஎம்எஃப்எம்இ, பிஎம்இஜிபி இரண்டிலும் மானியப் பணம் கைக்கு வராது. வங்கியில் உங்கள் கடனுக்கு எதிராக மூன்று வருடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதுவரை தொழில் ஓடி, தவணையும் ஒழுங்காகக் கட்டினால்தான் கடனில் கழியும். மூன்று லட்சம் மானியம் வரும், அதை வைத்து மாவு வாங்கலாம் என்று நினைத்தால் மாவும் வராது.

இயந்திரக் கடன் வாங்கி, நடைமுறைச் செலவுக்குக் காசில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புது மாவு பிசையும் இயந்திரம் பளபளவென்று இருக்கும், பக்கத்தில் மளிகைக்குக் கொடுக்கக் காசு இருக்காது. லீ பஜார் மொத்த மளிகைச் சந்தையில் மூட்டைக்குக் கையில் காசு வைத்தால் ஒரு விலை, தவணை சொன்னால் ஒரு விலை. கடைகளில் உங்கள் பணம் ஒரு மாதம் நிற்கும் என்றால், அந்த ஒரு மாதத்துக்கு மாவு, எண்ணெய், கூலி மூன்றுக்கும் கையில் வேண்டும். முதலில் அதைச் சேருங்கள். இயந்திரம் அடுத்த வருடமும் விற்பார்கள்.

5 செப்டம்பர்

பாக்கெட் காரவகைகளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 ஆகிறது, 22ஆம் தேதி முதல். "அக்காவுக்கு லாட்டரி" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் முறையில் இருக்கிறேன். விற்றதில் 1 சதவீதம் கட்டுகிறேன், வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. என் 1 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனி பாக்கெட் விலை இறங்கும், கடைக்காரர் என்னைப் பார்த்து "உங்களுது எப்ப இறங்குது" என்பார். இன்றே இரண்டு பேர் கேட்டாயிற்று.

எனக்கும் கொஞ்சம் மிஞ்சும், இல்லை என்று சொல்லக் கூடாது. வெண்ணெய்க்கும் அட்டைப்பெட்டிக்கும் 12 என்பது 5 ஆகிறது. கவர் பழையபடி 18தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிலோவுக்கு இரண்டு ரூபாய் தேறினால் அதிகம். அந்த இரண்டைக் குறைத்து 223 என்று சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள், அதனால் தீபாவளிக்குத் தட்டையை இன்னும் கொஞ்சம் நல்ல வெண்ணெயில் போடுகிறேன்.

16 அக்டோபர்

தீபாவளி நெரிசல். சுருக்கமாக.

என் தம்பி சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை எடுத்துச் செய்கிறான். 2025 தொடக்கத்தில் கிராம் நூறு ரூபாய் பக்கம் இருந்த வெள்ளி இந்த அக்டோபரில் இருநூறைத் தாண்டிவிட்டது. பட்டறை நொடித்துப்போகும் என்று பயந்து போன் செய்தேன். "எனக்கென்னக்கா, நான் வெள்ளியாக வாங்கி வெள்ளியாகத்தானே கொடுக்கிறேன்" என்கிறான். வியாபாரி எடை போட்டு வெள்ளி கொடுப்பார், இவன் எடை போட்டுக் கொலுசு கொடுப்பான், சேதாரம் கழியும், கூலி ரூபாயில். நோட்டில் இரண்டு பத்தி: ஒன்று கிராமில், ஒன்று ரூபாயில். விலை ஏறினாலும் இறங்கினாலும் கிராம் பத்தி அசையாது. அவனுக்குப் பயம் வேறு. விலை இப்படி ஏறினால் ஆர்டர் குறைந்து கூலி வேலை நின்றுவிடும்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. எண்ணெய் விலை ஏறும்போது நான் ஏன் தனியாகச் சுமக்கிறேன்? மொத்தமாக எடுக்கும் இரண்டு கடைகளிடம், எண்ணெய் டின் விலை இந்த அளவுக்கு மேல் போனால் தட்டை விலை இத்தனை ரூபாய் ஏறும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டால்? ஒருவர் சரி என்றார். இன்னொருவர், "இறங்கினா குறைப்பீங்களா" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குறைப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

15 நவம்பர்

ஜூலையில் வசூல்தான் முதல் திறமை என்று எழுதினேன். இப்போது வரிசையை மாற்றுகிறேன். யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே தெரிவது அதற்கு முன்னால் வர வேண்டும்.

நகரத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட், பெயர் சொல்லப்போவதில்லை. அலமாரி நன்றாக இருந்தது, ஆர்டர் பெரிது, மூன்று மாதம் ஆகியும் காசு வரவில்லை. என் பதினொன்றரை மணி வித்தை அங்கே செல்லாது, ஏனென்றால் கல்லாவில் இருப்பவர் முதலாளி இல்லை. கணக்குப் பிரிவு மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

என் தொழில் உத்யம் பதிவு செய்தது, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அதைவிடக் கூர்மையான பல்லை 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் வைத்தார்கள், 43பி(எச்). அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, நிஜமாகக் கொடுக்கும் வருடம் வரை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது. கணக்குப் பிரிவு பையனிடம் உத்யம் சான்றிதழ் நகலைப் பில்லோடு பின் அடித்து நீட்டி, "உங்க ஆடிட்டர்கிட்டக் காட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் பணம் வந்தது. அடுத்த ஆர்டர் வரவில்லை.

ஜெயித்தேனா என்று கேட்டால் பதில் இல்லை. அவ்வளவு பெரிய அலமாரி வேறு யாரிடமும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் அவர்கள் கடையை என் எண்ணெய்க் காசில்தான் ஓட்டினார்கள்.

குறிப்பு: உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் தரகு. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு பொருந்தாது, உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

16 நவம்பர்

"அப்படியென்றால் கடனே கொடுக்காமல் வியாபாரம் செய்யலாமே" என்று ஒரு தம்பி. செய்யலாம், உங்கள் வீட்டு வாசலில்.

7 டிசம்பர்

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் வாசகர், கீழேயிருந்து வரும் பாக்கெட்டுகள் பலூன் போல ஊதிப்போய் வருகின்றன, கெட்டுவிட்டதோ என்று வாடிக்கையாளர்கள் வாங்க மறுக்கிறார்கள் என்கிறார்.

கெடவில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். கீழே அடைத்த காற்றுக்கு மேலே வெளியழுத்தம் குறைவதால் உள்ளே விரிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டியில் அட்டைப்பெட்டிக்குள் ஒன்றோடொன்று நெரிந்து, சீல் பலவீனமாக இருக்கும் பாக்கெட் பிரிந்துவிடும். பிரிந்ததுதான் கெடும். ஏற்காட்டு மூடுபனியில் தட்டை நமத்துப்போக ஒரு ராத்திரி போதும். ஊதியிருந்தால் சீல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லுங்கள்.

மலைக்குப் போகிற சரக்குக்கு நான் வேறு மாதிரிச் செய்து பார்த்தேன். கவரில் காற்றைக் கொஞ்சம் அழுத்தி வெளியேற்றிவிட்டு, சீலை இரண்டு வரியாகப் போட்டேன். மேலே போனதும் சரியான அளவுக்கு உப்பியது. ஆனால் கீழே ஏற்றும்போது காற்று மெத்தை குறைந்ததால் தட்டை உடைந்தது. அதனால் மலைக்குத் தட்டை வேண்டாம், எள்ளடையும் சின்ன முறுக்கும் எடுங்கள். அவை அவ்வளவு உடையாது. இரட்டைச் சீல், தனி பெட்டி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 8 ரூபாய் கூட வரும், சொல்லிவிட்டேன். பெட்டியை ஏற்காடு பஸ்ஸில் போட்டுவிட்டால் அங்கே இறக்கி எடுக்க உங்களிடம் ஆள் உண்டா, எத்தனை மணி வண்டி தோது என்று மட்டும் எழுதுங்கள். பில்லுக்குப் பில்தான், ஏற்காடானாலும்.